மதிப்பற்றதா, விலைமதிப்பற்றதா? அருமையானவற்றை ஆங்கிலத்தில் சொல்லும் வழி

எனக்கு மொழிபெயர்ப்பு கற்றுக்கொடுத்த அம்மையார் பணி ஓய்வு பெற்றபோது அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன். அப்போது எனக்கு 23 வயது. மூன்று நாள் யோசித்து, இரண்டு முறை படியெடுத்து, நல்ல தாளில் எழுதிய கடிதம். பத்து நாள் கழித்து அவருடைய பதில் வந்தது. உறைக்குள் என் கடிதமும் இருந்தது. அதில் ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு. ‘யுவர் வேல்யூலெஸ் ஹெல்ப்’ என்று நான் எழுதியிருந்தேன். ஓரத்தில் தமிழில் கேட்டிருந்தார்: “மதிப்பற்ற உதவியா, விலைமதிப்பற்ற உதவியா?”

நான் போட்ட கணக்கு இதுதான். பிரைஸ்லெஸ் என்றால் விலை மதிக்க முடியாதது. அப்படியானால் வேல்யூலெஸ் என்றால் மதிப்பை அளக்க முடியாதது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வேல்யூலெஸ் என்றால் எதற்கும் உதவாதது, கால் காசு பெறாதது என்று பொருள். வொர்த்லெஸ் என்றாலும் அதுவே, இன்னும் கொஞ்சம் கடுமையாக. ஐந்து வருடம் என்னைக் கைபிடித்து நடத்தியவரிடம் போய் உங்கள் உதவி உதவாத உதவி என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் கோடு போட்ட இடத்தில் தப்பை மட்டும் காட்டவில்லை, வழியையும் காட்டியிருந்தார். தமிழிலும் இதே குழி இருக்கிறது, பாருங்கள். ‘அற்ற’ என்ற ஒட்டு ஒன்றுதான். ‘மதிப்பற்றது’ என்றால் இகழ்ச்சி, ‘விலைமதிப்பற்றது’ என்றால் புகழ்ச்சி. தமிழில் இந்தக் குழியில் நாம் விழுவதே இல்லை, ஏனென்றால் இலக்கணம் பார்த்து இந்தச் சொற்களை நாம் கற்கவில்லை. எந்தப் பொருளோடு எந்தச் சொல் வரும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். ஆங்கிலத்திலும் அதைத்தான் செய்ய வேண்டும்: சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் அதன் துணையோடு சேர்த்துக் காதில் ஏற்ற வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கடிதங்கள், இரங்கல் உரைகள், கண்காட்சிக் குறிப்புகள், காப்பீட்டுத் தாள்கள் என்று எல்லாம் மொழிபெயர்த்துவிட்டேன். மாலையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நான் பார்த்தவரை நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எழுதும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை, அங்கேதான் தடுமாறுகிறோம். இந்தப் பொருளின் மதிப்பை யார் அளக்கிறார்கள்? சந்தையா? அதைப் பயன்படுத்தியவரா? அதை நெஞ்சோடு வைத்திருப்பவரா? பதில் தெரிந்தால் சொல் தானாக வந்து உட்காரும்.

முதலில் சந்தையும் பயனும். வேல்யுபிள் என்பது அளக்கக்கூடிய மதிப்பு. விற்றால் நல்ல விலை போகும், அல்லது நல்ல பயன் தரும். அதன் வேர் லத்தீனில் ‘வலேரே’, வலிமையாக இருத்தல். வேலிட், வேலியன்ட் எல்லாம் அதே வேரில் முளைத்தவைதான். செல்லுபடியாகும் சீட்டுக்கும் வீரத்துக்கும் மதிப்புக்கும் ஒரே வேர் என்று தெரிந்துகொண்டால், வேல்யூ என்ற சொல்லுக்குள் ‘இது வேலை செய்யும், தாங்கும்’ என்ற எண்ணம் இருப்பது புரியும். அதனால்தான் வேல்யுபிள் லெசன், வேல்யுபிள் இன்ஃபர்மேஷன், வேல்யுபிள் கான்ட்ரிப்யூஷன் என்று சொல்கிறார்கள். பன்மையில் வேல்யுபிள்ஸ் என்றால் நகை, கைக்கடிகாரம் போல நாம் பூட்டி வைக்கும் பொருள்கள்.

இன்வேல்யுபிள் பலரைப் பயமுறுத்தும் சொல். ‘இன்’ முன்னால் வந்தால் எதிர்மறை அல்லவா என்று கேட்பார்கள். ஆமாம், எதிர்மறைதான். ஆனால் அது எதை மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே வேல்யுபிள் என்பதை ‘மதிப்பிடக் கூடியது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை மறுத்தால் ‘மதிப்பிட முடியாதது’. நம் ‘விலைமதிப்பற்ற’ என்பதன் நேர் உறவு இதுதான். நான் அன்று எழுதியிருக்க வேண்டிய சொல்லும் இதுதான்.

அப்படியானால் பிரைஸ்லெஸ்? அதுவும் விலைமதிப்பற்றதுதானே? இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட நான் எப்போதும் ரொசெட்டா கல்லை எடுத்துக்கொள்வேன். 1799-இல் எகிப்தில் கிடைத்த உடைந்த கல்வெட்டு அது. ஒரே ஆணையை மூன்று எழுத்து வடிவங்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று கிரேக்கம். கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் மற்ற இரண்டையும் நெருங்க முடிந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஷாம்போலியோன் 1822-இல் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியை அறிவித்தார். 1802 முதல் அந்தக் கல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள்: ஷாம்போலியோனுக்கு அந்தக் கல் செய்த உதவி எப்படிப்பட்டது? இன்வேல்யுபிள். கண்ணாடிக்குள் இருக்கும் அந்தக் கல் எப்படிப்பட்டது? பிரைஸ்லெஸ். ஒரே கல்தான். பயனைப் பேசும்போது ஒரு சொல், பொருளைப் பேசும்போது இன்னொரு சொல்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உதவி, அறிவுரை, அனுபவம், ஒருவரின் உழைப்பு, எப்போதும் கைகொடுக்கும் அகராதி எல்லாவற்றுக்கும் இன்வேல்யுபிள். ஓவியம், சுவடி, சிலை, ஏர்லூம் எனப்படும் பரம்பரைப் பொருள் இவற்றுக்குப் பிரைஸ்லெஸ். ஏர்லூம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் ‘ஹெச்’ எழுத்தை ஒலிக்கக் கூடாது. ‘ஹேர்லூம்’ என்றால் தலைமுடி ஞாபகம் வந்துவிடும்.

இரண்டுக்கும் முன்னால் ‘வெரி’ போடாதீர்கள். அளக்க முடியாததை ‘மிகவும் அளக்க முடியாதது’ என்று சொல்ல முடியாது. அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்சல்யூட்லி’ சேர்க்கலாம், ‘ட்ரூலி’ சேர்க்கலாம். வேல்யுபிள், பிரெஷஸ் இரண்டுக்கும் ‘வெரி’ தாராளமாகப் பொருந்தும்.

பிரைஸ்லெஸ் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பேச்சு ஆங்கிலத்தில் அதற்கு வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது என்றும் பொருள் உண்டு. ‘அந்தச் செய்தியைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கு இருக்கிறதே, பிரைஸ்லெஸ்!’ என்பார்கள். அதனால் ஒரு மனிதரைப் பார்த்து ‘யூ ஆர் பிரைஸ்லெஸ்’ என்று எழுதினால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. மனிதரின் உழைப்பைப் போற்ற இன்வேல்யுபிள் என்றே எழுதுங்கள்.

இனி பிரெஷஸ். எனக்கு மிகவும் பிடித்த சொல். இதன் வேர் ‘ப்ரெட்டியும்’, லத்தீனில் விலை என்று பொருள். விலையைக் குறிக்கும் பிரைஸ், பரிசைக் குறிக்கும் பிரைஸ், புகழ்ச்சியைக் குறிக்கும் ப்ரெய்ஸ், மெச்சுதலைக் குறிக்கும் அப்ரிஷியேட் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தமிழில் எழுதும்போது விலையும் பரிசும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. ஆங்கில ஒலிப்பில் விலையின் முடிவு சீறும், பரிசின் முடிவு வண்டுபோல அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், பரிசுக்கு மட்டும் கடைசிவரை அதிர்வு தெரியும்.

விலையில் பிறந்த சொல்லாக இருந்தாலும் பிரெஷஸ் விலையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. இன்று அதன் உயிர்நாடி ‘குறைவாக இருக்கிறது, போனால் வராது’ என்பதுதான். அதனால் நேரம் பிரெஷஸ், வறட்சியில் தண்ணீர் பிரெஷஸ், நினைவுகள் பிரெஷஸ், குழந்தை பிரெஷஸ். தங்கமும் வெள்ளியும் பிளாட்டினமும் பிரெஷஸ் மெட்டல்ஸ். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது ‘அருமை’. ‘அரு’ என்றால் கிடைப்பதற்கு அரியது. அந்த அரிதான தன்மையே அன்பாகவும் மாறி ‘அருமை மகளே’ என்று அழைக்கிறோம். ஆங்கிலத்தில் டியர் என்ற சொல்லும் இப்படித்தான் இரண்டு கரையிலும் கால் வைத்திருக்கிறது. கடிதத் தொடக்கத்தில் அன்பு, பழைய பிரிட்டிஷ் வழக்கில் விலை அதிகம். பொருளைப் பார்த்து ‘டூ டியர்’ என்று முதியவர் சொன்னால் அன்பு பொங்குகிறது என்று நினைக்க வேண்டாம், விலை கட்டுபடியாகவில்லை என்கிறார்.

‘பிரெஷஸ் லிட்டில்’ என்று சேர்ந்து வந்தால் மட்டும் உஷாராக இருங்கள். ‘அரிய சிறிய’ என்று ஒருமுறை ஒரு மாணவி மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். அது ‘வெகு சொற்பம்’ என்று பொருள் தரும் தொடர்.

அடுத்தது எக்ஸ்பென்சிவ், காஸ்ட்லி. நம்மவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழில் ‘விலையுயர்ந்த பரிசு’ என்றால் பாராட்டு. ‘காஸ்ட்லியான கைப்பை’ என்று சொன்னாலும் வியப்போடுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எக்ஸ்பென்சிவ் என்ற சொல் எப்போதும் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். தகுதிக்கு மேல் விலையோ என்ற முணுமுணுப்பும் அதில் ஒட்டியிருக்கலாம். காஸ்ட்லி இன்னும் ஒரு படி மேல். அது பெரும்பாலும் இழப்போடு கைகோத்து வரும்: காஸ்ட்லி மிஸ்டேக், காஸ்ட்லி டிலே, காஸ்ட்லி வார். பரிசு கொடுத்தவருக்கு ‘தேங்க் யூ ஃபார் தி காஸ்ட்லி கிஃப்ட்’ என்று எழுதினால், அன்பைவிட விலைச்சீட்டின் மேலேயே நம் கண் இருந்தது போல ஆகிவிடும். அங்கே ஜெனரஸ் என்று கொடுத்தவரின் மனதைப் போற்றுங்கள், தாட்ஃபுல் என்று அவர் நினைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததைப் போற்றுங்கள். பொருளைப் போற்ற வேண்டுமென்றால் பியூட்டிஃபுல் இருக்கிறது, வேலைப்பாடு நுட்பமாக இருந்தால் எக்ஸ்குவிசிட் இருக்கிறது. எக்ஸ்குவிசிட் என்பதன் வேரே ‘தேடித் தேடி எடுத்தது’ என்பதுதான். மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த பூத்தையலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

‘ரிச்சா இருக்கு’ என்று நாம் துணியைப் பார்த்துச் சொல்வதும் அப்படியே பெயராது. நளினமாக இருந்தால் எலிகன்ட், ஆடம்பரமாக இருந்தால் சம்ப்ச்சுவஸ் என்று இடம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வொர்த் என்ற சொல்லில் பொருளைவிட இலக்கணம்தான் தொல்லை. ‘படிக்கத் தகுந்த புத்தகம்’ என்பதை ‘வொர்த் டு ரீட்’ என்று எழுதுகிறோம். வொர்த்துக்குப் பின்னால் ‘டு’ வராது, வினைச்சொல் ‘இங்’ முடிவோடு வர வேண்டும்: வொர்த் ரீடிங், வொர்த் சீயிங், வொர்த் வெயிட்டிங் ஃபார். ‘எ வொர்த் புக்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வைக்க முடியாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வேண்டுமென்றால் வொர்த்வைல் இருக்கிறது, பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு என்ற பொருளில். வொர்தி என்பது தகுதி, நேர்மை பக்கம் சாய்ந்தது: எ வொர்தி காஸ் என்றால் நாம் தோள் கொடுக்கத் தகுந்த நோக்கம். ‘எடைக்கு எடை பொன் கொடுக்கலாம்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலமும் ‘வொர்த் இட்ஸ் வெய்ட் இன் கோல்ட்’ என்று அப்படியே சொல்கிறது. மனிதரைச் சொல்லும்போது ‘இட்ஸ்’ என்பதை ‘ஹிஸ்’, ‘ஹர்’ என்று மாற்ற மறக்காதீர்கள்.

மூன்றாவது அளவுகோல் மனசு. இங்கே மூன்று சொற்கள் மிக நெருக்கம். ட்ரெஷர்டு என்றால் பத்திரமாகப் பொத்தி வைத்தது. செரிஷ்டு என்றால் அன்பு ஊற்றி வளர்த்தது, அதனால் கையால் தொட முடியாதவற்றோடும் வரும்: செரிஷ்டு ட்ரீம், செரிஷ்டு மெமரி. விலையோடு மாறாட்டமாகும் அந்தப் பரிசுச் சொல்லின் உறவான பிரைஸ்டு என்பதில் கொஞ்சம் பெருமிதம் கலந்திருக்கும். நாலு பேருக்கு எடுத்துக் காட்டும் பொருள் பிரைஸ்டு பொசெஷன். பெட்டியின் அடியில் யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பது ட்ரெஷர்டு. பென்சில் கோடு போட்ட என் கடிதம் ட்ரெஷர்டு.

ட்ரெஷர் என்ற சொல் கிரேக்கத்தின் ‘தெசாரோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கருவூலம் என்று பொருள். ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ் என்ற நூல்வகைக்கும் அதே பெயர்தான். 1852-இல் பீட்டர் மார்க் ரோஜே தன் தொகுப்பை வெளியிட்ட பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கருவூலத்தில் எல்லாமே பளபளக்கும். ஒரே வரிசையில் இருக்கின்றன என்பதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடக் கூடாது. தெசாரஸில் ஒரு சொல்லைக் கண்டால் உடனே எழுதாமல் ஒரு நல்ல அகராதியில் அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். அது யாரோடு சேர்ந்து நடக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

தங்கத்தையும் மணியையும் வைத்துப் பேசுவதில் தமிழுக்கு நிகரில்லை. அதை அப்படியே கொண்டுபோனால் சில இடத்தில் கதவு திறக்கும், சில இடத்தில் திறக்காது. ‘பொன்னான வாய்ப்பு’ கோல்டன் ஆப்பர்ச்சூனிட்டி, கச்சிதம். ‘பொன்னான நேரம்’ மட்டும் கோல்டன் டைம் ஆகாது. பிரெஷஸ் டைம், வேல்யுபிள் டைம் என்றே எழுத வேண்டும். ‘தங்கமான மனசு’ எ ஹார்ட் ஆஃப் கோல்ட். சொன்ன பேச்சைக் கேட்டுச் சமர்த்தாக இருந்த குழந்தையை ‘அஸ் குட் அஸ் கோல்ட்’ என்பார்கள். ‘முத்தான கருத்துகள்’ என்பதை பேர்ல்ஸ் ஆஃப் விஸ்டம் என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் அந்தத் தொடரை இன்று பலர் குத்தலாகச் சொல்வதால், மரியாதைக்குரிய இடத்தில் நான் தவிர்த்துவிடுவேன்.

‘கண்மணி’ என்பதற்கு ‘ஆப்பிள் ஆஃப் மை ஐ’ என்று சொல்லித் தரும்போது, கண்ணில் ஆப்பிள் எங்கே வந்தது என்று வகுப்பில் கேட்பார்கள். பழைய ஆங்கிலத்தில் கண்ணின் பாவையைத்தான் ஆப்பிள் என்றார்கள், உருண்டையான பொருள் என்று எண்ணியதால். நாம் மணி என்றோம். தொலைவில் இருந்த இரண்டு மொழிகள் ஒரே கறுப்பு வட்டத்தைப் பார்த்து ஒரே அன்பைச் சொல்லியிருக்கின்றன. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

‘பத்தரைமாற்றுத் தங்கம்’ போன்றவர் என்று குணத்தைச் சொல்ல ஸ்டெர்லிங் உண்டு. 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி இருப்பது ஸ்டெர்லிங் வெள்ளி. ஸ்டெர்லிங் கேரக்டர், ஸ்டெர்லிங் சர்வீஸ் என்று மனிதருக்கும் உழைப்புக்கும் வரும். ஹால்மார்க் என்பதில் உள்ள ஹால், லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கூடம். 1478 முதல் பொருள்களை அங்கே கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது. இன்று ‘தி ஹால்மார்க் ஆஃப்’ என்றால் ஒருவரின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். டச்ஸ்டோன் நம் உரைகல்லேதான், உவமைப் பொருளும் அதே.

எல்லாவற்றையும் ஒரே பொருளில் வைத்துப் பழகுவதுதான் நான் தரும் பயிற்சி. உங்கள் வீட்டில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஐந்து வாக்கியம் எழுதுங்கள். சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒருவர் தாத்தாவின் கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதினார். முதல் வரியே ‘வெரி காஸ்ட்லி, வெரி பிரைஸ்லெஸ், வெரி ரேர்’. மேசைமேல் கடிகாரத்தை வைக்கச் சொன்னேன். கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், முள் நான்கு இருபதில் நின்றிருந்தது, வார் மட்டும் புதிது.

விற்றால் யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன். மாட்டார்கள் என்றார். காஸ்ட்லி போயிற்று. இதே மாதிரி வேறு கடிகாரம் கிடைக்குமா? தேடினால் கிடைக்கும். ரேர் போயிற்று. காப்பீட்டுக்காரர்கள் கணக்கில் இதற்கு என்ன மதிப்பு? அவர்கள் பார்ப்பது சந்தை மதிப்பு, மாற்றுப்பொருள் வாங்கும் செலவு. மனசு வைக்கும் மதிப்பை ‘சென்டிமென்டல் வேல்யூ’ என்பார்கள், அதற்குப் பணம் தருவதில்லை. சரி, இதே மாதிரி வேறொன்று வாங்கித் தந்தால் சரியாகிவிடுமா? அவர் தலையாட்டவில்லை. அப்படியானால் இர்ரிப்ளேசபிள் என்று எழுதுங்கள் என்றேன். அந்தச் சொல்லுக்கு இடம் கிடைத்தது.

ஏன் வேறொன்று சரிவராது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டதாம். மணி பார்க்க முடியாது. ஆனாலும் காலையில் சாவி கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்பாராம். பிறகு பேரனின் காதிலும் வைப்பாராம்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த பக்கத்தில் ‘வெரி’ எங்கும் இல்லை. இது வேல்யுபிள் வாட்ச் இல்லை என்று தொடங்கியிருந்தார். கீறலையும் நின்ற முள்ளையும் எழுதி, தாத்தா காதில் வைத்ததை எழுதி, கடைசி வரியில் ஒரே முறை பிரெஷஸ் என்று எழுதியிருந்தார். அதன் பின்னால் ‘டு மீ’ என்று இரண்டு சொற்கள். அந்த ‘டு மீ’யை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.